ஏலத்தில் வீடு: அன்று அமீனா, இன்று அதிகாரி

அன்றெல்லாம் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். நீதிமன்ற அமீனா முன்னால் வர, தண்டோரா போடுபவர் பின்னால் வருவார். வாசலில் நின்று பறையடித்து, வாதி இன்னார், பிரதிவாதி இன்னார், டிக்ரித் தொகை இவ்வளவு, சொத்தின் நான்கெல்லை இது, ஏலம் இன்ன தேதியில் இன்ன கோர்ட்டில் என்று உரக்கச் சொல்வார்கள். பிறகு ஒரு காகிதத்தை வீட்டிலேயே கண்ணில் படும்படி ஒட்டுவார்கள். இன்னொரு நகல் கோர்ட் அறிவிப்புப் பலகைக்குப் போகும். இதெல்லாம் வழக்கத்துக்காகச் செய்ததல்ல. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை, சொத்து ஜப்தியையும் ஏலத்தையும் பறையறைந்து அறிவிக்கச் சொல்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. ஆனாலும் வீட்டுக்காரரின் வக்கீல் அன்று பதறமாட்டார். அவருடைய வேலை அங்கேதான் சூடு பிடிக்கும்.

இன்று பறை இல்லை, அமீனாவும் இல்லை. வங்கியின் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி' கையெழுத்திட்ட சுவாதீன அறிவிப்பு வெளிக்கதவில் ஒட்டப்படுகிறது. ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், அதுவே விளம்பரமாக வருகிறது. அடுத்து ஏல விளம்பரம். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக வருமே, அதுதான். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், சர்வே எண், அடுக்ககமென்றால் பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, பாக்கி எவ்வளவு, குறைந்தபட்ச விலை எவ்வளவு, முன்வைப்புத் தொகை எவ்வளவு, கடைசியில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி. ஏலம் இணையத்தில் நடக்கிறது. எங்கோ ஓர் ஊரில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் தொகையை ஏற்றுகிறார். கடைசி நிமிடத்தில் யாராவது கூடுதலாகக் கேட்டால் நேரம் தானாகச் சில நிமிடம் நீள்கிறது. அரசுத் துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்ட 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற இணையதளமே வந்துவிட்டது.

ஏலம் நடக்கும் விதம் மாறியதை எல்லோரும் பார்க்கிறோம். வீட்டைக் காப்பாற்ற எந்த நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்ற கணக்கு தலைகீழாகிவிட்டதைத்தான் பலர் கவனிக்கவில்லை. அதனால் வழக்கு மேல் வழக்குப் போட்டும் வீட்டை இழக்கிறார்கள்.

பழைய வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் கட்டவில்லை என்றால், கடன் கொடுத்தவர், அது வங்கியாகவே இருந்தாலும், கோர்ட் படி ஏறியாக வேண்டும். கோர்ட் தலையீடு இல்லாமல் விற்கும் அதிகாரத்தை 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டம் மிகச் சில வகை அடமானங்களுக்கே தந்திருந்தது. வழக்குப் போட்டு, சாட்சி விசாரித்து வருவது முதல்நிலை டிக்ரி. பணம் கட்ட வழக்கமாக ஆறு மாத அவகாசம். கட்டாவிட்டால் இறுதி டிக்ரிக்குத் தனி மனு. அதற்கும் மேல் நிறைவேற்று மனு. கோர்ட் வட்டாரத்தில் ஈ.பி. என்பார்கள். இத்தனைக்குப் பிறகுதான் ஏலம் என்ற பேச்சே எழும்.

அந்த ஈ.பி.யின் ஒவ்வொரு படியிலும் வீட்டுக்காரருக்கு ஒரு கதவு இருந்தது. சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று ஓர் ஆட்சேபம். கடனுக்கு ஈடாக ஒரு பகுதியை விற்றாலே போதும், முழு வீட்டையும் ஏன் விற்க வேண்டும் என்று இன்னோர் ஆட்சேபம். இது வெறும் தந்திரமல்ல. தேவையான அளவுக்கு மேல் விற்பது கோர்ட்டின் அதிகாரத்தையே மீறியது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் அம்பட்டி நரசய்யா வழக்கில் சொல்லியிருக்கிறது. பிறகு மனைவியோ மகனோ தங்களுக்குப் பாகம் உண்டு என்று உரிமை மனு போடுவார்கள். ஏதாவது ஒரு மனுவில் சில வாரம் தடை கிடைத்துவிட்டால் போதும். ஏலம் 30 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் புதிதாக ஏல அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது விதி. 1976 திருத்தத்துக்கு முன்னால் அது வெறும் ஏழு நாள்! கட்டணம், தண்டோரா, அறிவிப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஏலம் நடந்தே முடிந்தாலும் ஆட்டம் முடியாது. ஏல அறிவிப்பில் குறித்த பாக்கியோடு, ஏலம் எடுத்தவருக்கு அவர் கொடுத்த விலையில் ஐந்து சதவீதத்தையும் சேர்த்துக் கட்டி ஏலத்தை ரத்து செய்யலாம். அறிவிப்பில் பெரிய குளறுபடி, மோசடி என்று காட்டியும் ரத்து கேட்கலாம். அடமான டிக்ரியில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. ஏலத்தைக் கோர்ட் உறுதி செய்யும் நிமிடம் வரை முழு டிக்ரித் தொகையையும் அந்த ஐந்து சதவீதத்தையும் கொண்டுவந்து கட்டினால் வீடு திரும்பிவிடும். ஏலம் போன வீட்டை மைத்துனர் நகையை விற்று மீட்டார், மாமனார் நிலத்தை விற்று மீட்டார் என்று பழைய குடும்பங்களில் கேட்கிற கதைகளுக்கு ஆதாரம் இந்த விதிதான்.

சென்னை மாகாணத்து விவசாயிகளுக்கு 1938க்குப் பிறகு இன்னொரு வழியும் இருந்தது. ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டப்படி, 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்த வட்டி பாக்கியே தள்ளுபடியானது. டிக்ரி ஆகிவிட்ட கடனையும் குறைத்து எழுதக் கேட்டு மனு போடலாம். லேவாதேவிக்காரர்களிடம் நிலமும் வீடும் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய ஆறுதல்.

ஆனால் அன்று கடனாளி சுகமாக இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தடை வாங்கிய ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறியது. வீட்டை விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் மனம் வராது. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் வக்கீல் ஃபீஸ் கட்டிய குடும்பங்கள் உண்டு. கடன் கொடுத்தவரின் நிலையும் அதேதான். இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் டிக்ரி கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது. அந்த வியாதி இன்னும் தீரவில்லை. 1986இல் தொடுத்த ஒரு தமிழ்நாட்டு நில வழக்கின் டிக்ரி நிறைவேறாமலே கிடந்ததைப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2025 மார்ச்சில் நாடு முழுக்க நிலுவையிலுள்ள நிறைவேற்று மனுக்களின் கணக்கைக் கேட்டது. எட்டரை லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு வந்தது.

இந்தத் தாமதத்தைக் காட்டித்தான் வங்கிகள் தனி வழி கேட்டன. நரசிம்மம் குழு பரிந்துரைக்க, 1993இல் கடன் மீட்புத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. அதுவும் போதாமல் 2002இல் வந்தது சர்ஃபாசி சட்டம். வழக்கே போடாமல், எந்த நீதிபதியிடமும் டிக்ரி வாங்காமல், வங்கியே வீட்டைக் கைப்பற்றி விற்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் இனி கடன் வாங்கியவர்தான்.

எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 13(2) பிரிவில் 60 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். கடன் வாங்கியவர் அதற்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால், வங்கி அதைப் பரிசீலித்து 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். 60 நாள் முடிந்தால் சுவாதீனம். முதலில் காகிதத்தில். பிறகு 14ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் உத்தரவின் பேரில், பெரும்பாலும் ஒரு வக்கீல் கமிஷனர் போலீஸோடு வந்து பூட்டை உடைத்து நேரடிச் சுவாதீனம். அந்த 14ஆம் பிரிவு விசாரணையில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழந்தையின் பரீட்சை நேரத்தில், வயதான தாயின் படுக்கையோடு சேர்த்துச் சாமான்கள் திண்ணைக்கு வருகிற கொடுமை இந்த நாளில்தான் நடக்கிறது.

சட்டம் வந்தபோது இன்னும் கடுமையாக இருந்தது. வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் தீர்ப்பாயம் மனுவையே எடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த 75 சதவீத நிபந்தனையை மட்டும் செல்லாது என்று அடித்தது. அந்த ஒரு தீர்ப்பு இல்லாவிட்டால் நடுத்தரக் குடும்பம் எதற்கும் தீர்ப்பாயத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

இப்போது வழக்கு மேல் வழக்கு எப்படிச் சேர்கிறது என்பதற்கு வருகிறேன். 17ஆம் பிரிவு, வங்கி எடுக்கும் நடவடிக்கையை 45 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம் என்கிறது. சுவாதீன அறிவிப்பு ஒரு நடவடிக்கை, ஏல அறிவிப்பு இன்னொன்று, விற்பனைச் சான்றிதழ் வேறொன்று. முதல் ஏலத்துக்கு ஆள் வராவிட்டால் மறு ஏலம். அதற்கு ஒரு மனு. பத்து லட்சத்துக்கு மேல் கடன் என்றால் மனுக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாய். இருபது லட்சம் கடனுக்கு ஒரு மனுவுக்கு 7,500. வக்கீல் ஃபீஸ் தனி. தீர்ப்பாயம் தடை தந்தாலும் வெறும் கையோடு தராது. இத்தனை வாரத்துக்குள் பாக்கியில் இவ்வளவு கட்டு என்று நிபந்தனை விதிக்கும். கட்டாவிட்டால் தடை தானாகவே போய்விடும். மேல்முறையீடு என்றால் கடனில் பாதியைக் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனமிரங்கினால் கால் பங்கு வரை குறைக்கலாம். அதற்குக் கீழே இறங்க அதற்கே அதிகாரமில்லை. தவணை கட்ட முடியாததால் வழக்குக்கு வந்தவர் அந்தக் கால் பங்குக்கு எங்கே போவார்?

அதனால் வேறு கதவுகளைத் தட்டுகிறார்கள். மகனோ மகளோ முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்கிறார்கள். 34ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றங்களுக்கு வழியடைத்திருக்கிறது. மோசடி என்று மனுவில் வெறுமனே எழுதிவிட்டால் அந்த அடைப்பைத் தாண்ட முடியாது என்று 2021இல் எலக்ட்ரோஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவசாய நிலத்துக்குச் சட்டம் பொருந்தாது என்பதைப் பிடித்துக்கொண்டு, வீட்டு மனையை விவசாய நிலம் என்கிறார்கள். சாகுபடி நடப்பதை நிரூபிக்காமல் அதுவும் நிற்காது. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் ரிட். தனி வழி இருக்கும்போது ரிட்டை ஏற்காதீர்கள் என்று 2010இல் சத்தியவதி டாண்டன் வழக்கு தொடங்கி உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப உயர் நீதிமன்றங்களுக்குச் சொல்லிவருகிறது. ஆனால் அந்தத் தனி வழியில் உட்கார ஆள் வேண்டாமா? தீர்ப்பாயங்களில் தலைமை அதிகாரிகள் இல்லாமல் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததால், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே உயர் நீதிமன்றங்களை இந்த வழக்குகளை எடுக்கச் சொல்ல நேர்ந்தது. நாடு முழுக்க 39 தீர்ப்பாயங்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் மூன்று, கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று. 17ஆம் பிரிவு மனுவை 60 நாளில், மிஞ்சினால் நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாய்தாவாக அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும், அந்த நான்கு மாதம் எத்தனை மாதம் என்று.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொரு மாற்றம். வீட்டை மீட்கும் உரிமை எதுவரை? பழைய சட்டத்தில் ஏலம் முடிந்து கோர்ட் உறுதி செய்யும் வரை. சர்ஃபாசி வந்த பிறகும் விற்பனைக்குக் குறித்த நாள் வரை பணம் கட்டி மீட்க முடிந்தது. 2014இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், 30 நாள் ஏல அவகாசம் கடனாளி பணம் புரட்டுவதற்காகவும்தான் என்று உரிமையைப் பெரிதாக மதித்துச் சொன்னது. 2016 செப்டம்பர் 1 முதல் 13(8) பிரிவைத் திருத்தினார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் இது உறுதியானது. அங்கே ஏலத்தில் சுமார் 105 கோடிக்குப் போன சொத்துக்கு, கடனாளி 129 கோடி தர வந்தார், வங்கியும் ஒப்புக்கொண்டது, பம்பாய் உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து ஏலம் எடுத்தவருக்கே சொத்து என்றது. அது பெரிய கம்பெனி விவகாரம். ஆனால் அதே விதி இருபது லட்சம் கடனுக்கு அடமானம் வைத்த இரண்டு அறை வீட்டுக்கும் பொருந்துகிறது. ஏல விளம்பரத்தைப் பார்த்துப் பதறி, ஊரிலிருக்கும் அண்ணனிடம் கேட்டுப் பணத்தோடு போய் நிற்பவரிடம், உரிமையாகக் கேட்க இனி ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வக்கீல் அலுவலகங்களில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது.

"அறுபது நாள் நோட்டீசுக்குப் பதில் போட்டீங்களா?"

"அது பேங்க்ல வழக்கமா அனுப்புற லெட்டருன்னு நெனச்சேன் சார்."

"பேப்பர்ல ஏலம் எப்ப வந்துச்சு?"

"போன வாரம். அதான் ஓடி வந்தேன் சார். எப்படியாவது ஒரு ஸ்டே வாங்கிக் குடுங்க."

அன்றைய கணக்கில் இவர் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார். இன்றைய கணக்கில் மூன்று வாய்ப்புகளைத் தவறவிட்டு நான்காவதுக்கு வந்து நிற்கிறார். நோட்டீசுக்கு ஆட்சேபம் அனுப்பியிருந்தால் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கட்டாயம் என்று 2018இல் ப்ளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்போதே கணக்கு விவரம் கேட்டிருக்கலாம், வட்டியில் தவறு இருந்தால் காட்டியிருக்கலாம், ஒரே தவணைத் தீர்வுக்கு எழுதியிருக்கலாம். அந்தத் தீர்வும் உரிமையாகக் கேட்கக்கூடியதல்ல, வங்கியின் மனசுதான். என்றாலும் ஏலத்துக்கு முன்னால் கேட்பவருக்கே அது கிடைக்கிறது.

ஏலம் எடுத்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவரும் பலசமயம் சேமிப்பைத் திரட்டிச் சொந்த வீடு தேடியவர்தான். ஏலத்தன்றோ மறு வேலை நாளிலோ கால் பங்கு கட்ட வேண்டும், மீதியை 15 நாளில். வங்கி ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிப்பு. முடியாவிட்டால் கால் பங்கு முழுதும் போய்விடும். 2024 பிப்ரவரியில் சண்முகவேலு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பறிமுதலைச் சரியென்றது. கட்டி முடித்த பிறகும் பழைய உரிமையாளரின் வழக்குகள் அவரைத் துரத்துகின்றன. வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர் ஒரு மனு போடுவார். வங்கிக்குப் பணம் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைய முடியாமல் வழக்குச் செலவைச் சுமப்பது இவர்தான். வீட்டை இழந்தவருக்கும் அத்தோடு முடிவதில்லை. ஏலத் தொகை கடனை அடைக்கப் போதாவிட்டால் மீதிக்கு வங்கி மறுபடி தீர்ப்பாயம் போகலாம். வீடும் போய், கடனும் நிற்கும்.

ஒரு பக்கம் பொய் வழக்குகளும் உண்டு, மறுப்பதற்கில்லை. வழக்காடுவதையே தொழிலாக்கிக்கொண்டவர்களைத் தடுக்க 1949லேயே சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டது. ஆனால் அடுத்தடுத்து மனு போடும் எல்லா வீட்டுக்காரரையும் அந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம். முழு வழக்கையும் யாராவது ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து கேட்டிருந்தால், பலர் இரண்டாவது மனுவே போட்டிருக்கமாட்டார்கள். பழைய முறை இழுத்தடித்தது. ஆனாலும் ஏலத்துக்கு முன் ஒரு நீதிபதி இரு தரப்பையும் கேட்டார். அந்த ஒன்றை நாம் விட்டிருக்கக் கூடாது. குடியிருக்கும் ஒரே வீட்டை விற்பதற்கு முன்னால் தீர்ப்பாயம் ஒருமுறை முழுதாக விசாரிக்க வேண்டும். அதற்குக் காலி இடங்களை நிரப்ப வேண்டும். ஏலத்தில் கடைசி விலை விழும் வரையிலாவது வீட்டை மீட்கும் உரிமையை அந்த வீடுகளுக்குத் திருப்பித் தர வேண்டும். இதில் வங்கிக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அதற்கு வர வேண்டிய பணம்தானே வருகிறது.

சட்டம் மாறும்வரை, உங்கள் வீட்டுக்கோ தெரிந்தவர் வீட்டுக்கோ 13(2) நோட்டீஸ் வந்தால் அதை அலமாரியில் வைக்காதீர்கள். 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுதி, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாகவே பாக்கி இருந்தால் இந்தச் சட்டமே உங்கள் மேல் பாயாது என்பதையும் சரிபாருங்கள். சுவாதீன அறிவிப்பு ஒட்டிய நாளைக் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து 45 நாள். ஏல விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வீட்டுக் கடனில் பெரும்பாலும் மனைவியும் கையெழுத்துப் போட்டிருப்பார். இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் கிடையாது.